கிளிசரின் அறையும் கைராசி அறையும்

பன்றிக்குட்டிகளுக்கு இனிப்பென்றால் உயிர் என்பது பலருக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரிந்திருக்க நியாயமில்லை. நேற்று பண்ணைக் கேட்டைத் தாண்டும்போதே நீங்கள் கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டதைப் பார்த்தேன். தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. விசாரிக்க வந்தவர் என்றாலும் மூக்கு மூக்குதானே. இரண்டு நாள் இருந்தால் பழகிவிடும். நடந்ததை நடந்தபடி எழுதித் தரச் சொன்னீர்கள். காகிதமும் பேனாவும் கொடுத்து, டீயும் சொல்லிவிட்டுப் போயிருக்கிறீர்கள். இவ்வளவு மரியாதையாக என்னிடம் யாரும் எதையும் கேட்டதில்லை. அதனால் ஒன்றையும் விடாமல் எழுதுகிறேன்.

நான் இந்தப் பண்ணையில் பதினாறு வருடமாகத் தீவனம் கலக்கிறவன். அரவை, கலவை, மூட்டை, இவைதான் என் பாடு. என் வீட்டுக்காரிக்கும் இங்கேதான் வேலை. தாயிடமிருந்து பிரித்துக் கொண்டுவரும் குட்டிகள் அவள் பொறுப்பு. பன்றி வளர்ப்பில் அதுதான் தலைவலியான கட்டம். நேற்றுவரை பால் குடித்த குட்டி, இன்றைக்குத் திடீரென்று மாவைத் தின்னச் சொன்னால் தின்னுமா? முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்ளும். வயிறு கலங்கும். நாலு நாளில் முதுகெலும்பு தெரியும்.

அவளுக்கு அதில் கைராசி. நான் சொல்லவில்லை, பண்ணையே சொல்லும். எந்தக் கொட்டகையில் எந்தக் குட்டி சோர்ந்து கிடந்தாலும் இங்கே முதலில் மருந்துப் பெட்டியைத் தேட மாட்டார்கள். துணியில் சுற்றி அவளிடம் கொண்டுவந்து கொடுப்பார்கள். அவள் வயிற்றைத் தடவுவாள், வாயில் விரலை விட்டுப் பார்ப்பாள், மேல்சட்டைக்குள் வைத்துக்கொண்டு தன் பாட்டுக்கு வேலையைப் பார்ப்பாள். ஒரு மணி நேரத்தில் அது சட்டைக்குள்ளிருந்து மூக்கை நீட்டும். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் முதல் மாதம் என்னைத் தீவனக்காரர் என்று கூப்பிடுவார்கள். இரண்டாவது மாதம் நான் கைராசி அக்கா வீட்டுக்காரர் ஆகிவிடுவேன். எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் கிடையாது. மனைவியால் பெயர் கிடைக்க எத்தனை பேருக்குக் கொடுத்து வைத்திருக்கிறது.

கிளிசரின் விஷயம் என் செருப்பிலிருந்து ஆரம்பித்தது. பண்ணைக்குப் பக்கத்தில் ஒரு பட்டறை இருக்கிறது. பொரித்து முடித்த பழைய எண்ணெயை வாங்கிக் காய்ச்சி, வண்டிக்கு ஊற்றுகிற எண்ணெயாக மாற்றுவார்கள். அந்த எண்ணெய் மேலே தெளிந்த பிறகு அடியில் பாகு மாதிரி ஒன்று நிற்கும். அதுதான் கிளிசரின். பீப்பாய் பீப்பாயாகச் சுவரோரம் கேட்பாரற்றுக் கிடந்தது. ஒன்று கசிந்து என் காலெல்லாம் பிசுபிசுப்பு. அந்தச் செருப்போடு நேராகக் குட்டி அறைக்குள் போய்விட்டேன். செருப்பை மாற்றாமல் உள்ளே போகக் கூடாது என்பது பண்ணை விதி. அதை மீறியது என் தப்பு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தீவனத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காத குட்டிகள் அன்றைக்கு என் காலைச் சுற்றி நின்றுகொண்டு செருப்பை நக்கின. ஒன்று வாரையே கடித்து இழுத்தது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவளும் சிரித்தாள். "பாருங்க, உங்களையும் ரெண்டு பேருக்குப் பிடிச்சிருக்கு" என்றாள்.

இந்த வருடம் மக்காச்சோளம் ஒழுங்காகக் கிடைக்கவில்லை. குட்டித் தீவனத்தில் உடம்புக்குத் தெம்பு கொடுப்பதே மக்காச்சோளம்தான். அதில் ஒரு பங்கைக் குறைத்து இந்தப் பாகைச் சேர்த்தால் என்ன என்று பண்ணை டாக்டரம்மாவிடம் கேட்டேன். அவர் என்னைக் கேலி செய்வார் என்று எதிர்பார்த்தேன். மாறாக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். கிளிசரின் உடம்புக்குள் போனால் சர்க்கரை மாதிரி சீக்கிரம் தெம்பாக மாறும், குட்டி வயிற்றுக்கும் பெரிய பாரமில்லை, யோசனை நல்ல யோசனைதான் என்றார். பதினாறு வருடத்தில் என் யோசனையை ஒருவர் நல்ல யோசனை என்றது அதுதான் முதல் தடவை.

நிபந்தனைகளும் போட்டார். பட்டறையில் எண்ணெய் காய்ச்சும்போது மெத்தனால் என்று ஒரு சாராயச் சரக்கைச் சேர்ப்பார்கள். அது கிளிசரினில் தங்கிவிட்டால் விஷம், கண்ணைப் பறித்துவிடும். அதனால் நன்றாகக் காய்ச்சி ஆவியாக்கி, பரிசோதனைச் சீட்டு வாங்கிய பீப்பாயை மட்டும்தான் தொட வேண்டும். உப்பு எவ்வளவு இருக்கிறது என்று பார்த்து, தீவனத்தில் போடும் உப்பைக் குறைக்க வேண்டும். நூறு கிலோவுக்கு ஆறு கிலோவுக்கு மேல் போகக் கூடாது. இதில் எதிலும் நான் ஒரு நூல்கூடப் பிசகவில்லை. சீட்டுகள் எல்லாம் என் அலமாரியில் தேதிவாரியாக அடுக்கியிருக்கின்றன, எடுத்துப் பாருங்கள். குட்டிகளுக்கு என்னால் கண் போனது என்று யாரும் சொல்ல முடியாது.

சோதனைக்கு இரண்டு அறை ஒதுக்கினார்கள். ஒவ்வொன்றிலும் அறுபது குட்டி, எடை பார்த்துச் சமமாகப் பிரித்தவை. முதல் அறைக்குக் கிளிசரின் தீவனம். அதை நானே பார்த்துக்கொள்கிறேன் என்று கேட்டு வாங்கினேன். இரண்டாம் அறைக்கு வழக்கமான மக்காச்சோளத் தீவனம். அது என் வீட்டுக்காரிக்கு. ஆறு வாரம், வாரம் ஒரு எடை. சாப்பாட்டு அறையில் ஒரு கரும்பலகை உண்டு. மேனேஜர் அதில் கோடு போட்டு ஒரு பக்கம் கிளிசரின், மறுபக்கம் கைராசி என்று எழுதிவிட்டார். அவருக்கு எல்லாமே விளையாட்டு. பண்ணை முழுக்க ஒரே கலகலப்பு. லாரி ஓட்டுநர்கூட மூட்டை இறக்கும்போது இன்றைக்கு யார் முன்னால் என்று கேட்பார். வீட்டில் நாங்களும் ஒருவரை ஒருவர் சீண்டிக்கொள்வோம். உங்க பிள்ளைங்களுக்குச் சர்க்கரை வியாதி வரப்போகுது என்பாள். உன் பிள்ளைகளுக்குப் பாவம், வாய்க்கு ருசியாக ஒன்றுமில்லை என்பேன். கல்யாணமான புதிதில்கூட நாங்கள் அவ்வளவு பேசிச் சிரித்ததில்லை.

தொட்டியில் ஒரு திருகு உண்டு, அதைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன், பிறகு உங்களுக்குக் குழம்பாது. குட்டிகளின் தீவனத்தொட்டி கூம்பு வடிவத்தில் இருக்கும். மேலே கொட்டினால் அடியில் உள்ள இடுக்கு வழியாகத் தட்டில் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். அந்த இடுக்கைக் கூட்டவும் குறைக்கவும் பக்கவாட்டில் ஒரு திருகு. கிளிசரின் கலந்த தீவனம் ஈரப்பசையாக இருப்பதால் கூம்பில் ஒட்டிக்கொண்டு இறங்காது. தினம் காலையில் இடுக்கைத் திறந்து, தட்டிக்கொடுத்து, சரி செய்ய வேண்டும். அதனால் நான் எப்போதும் இடுப்பில் திருகுச் சாவியோடு திரிவேன். என் வீட்டுக்காரிக்குப் போன வருடம் ஒரு தாய்ப்பன்றி கதவோடு சேர்த்து நெருக்கியதில் மணிக்கட்டு பலவீனம். இறுகிய திருகைத் திருப்ப முடியாது. சோதனை ஆரம்பித்த அன்றைக்கே சொன்னாள்.

"எல்லாம் நான் பாத்துக்குறேன். இந்தத் திருகை மட்டும் நீங்க பாத்துக்கோங்க."

சரி என்றேன்.

முதல் வார எடையில் இரண்டு அறையும் சமம். ஒரு கைப்பிடி மாவு வித்தியாசம்கூட இல்லை. டாக்டரம்மாவுக்கு வாயெல்லாம் பல். சாப்பாட்டு அறையில் எல்லோர் முன்னாலும் என்னைத் தட்டிக்கொடுத்துச் சொன்னார். "சமமா வந்தாலே நாம ஜெயிச்ச மாதிரி. சோளம் இல்லாத நேரத்துல இது போதும்." அதாவது மக்காச்சோளத்தின் இடத்தில் கிளிசரின் நிற்கும் என்று காட்டினால் போதும், அதைத் தோற்கடிக்க வேண்டியதில்லை. எனக்கு அது அன்றைக்கே நன்றாகப் புரிந்தது. நான் புரியாமல் செய்தேன் என்று எங்கேயும் எழுதிவிடாதீர்கள், அது உண்மையாகாது.

மேனேஜர் பலகையில் 'சமம்' என்று எழுதினார். அப்போது மருந்துக் கிடங்கில் இருப்பவர், நல்ல மனிதர், சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னார். "பீப்பாய் பீப்பாயா ஊத்தினாத்தான் அக்கா கைக்கு ஈடு கட்ட முடியுது." எல்லோரும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். மற்றவர்கள் நிறுத்திய பிறகும் நான் கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டிருந்ததாக ஞாபகம்.

இரண்டாவது வாரம் இரண்டாம் அறை பின்தங்கியது. மூன்றாவது வாரம் வித்தியாசம் கண்ணுக்கே தெரிந்தது. என் குட்டிகள் பளபளவென்று, மூக்கெல்லாம் பாகு ஒட்டிக்கொண்டு, நான் வந்தால் ஓடிவந்து மோதும். அவளுடையவை மூலையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் படுத்துக் கிடந்தன. ஒன்றின் காதை ஒன்று கடிக்க ஆரம்பித்தன. அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

"நல்லாத்தான் திங்குதுங்க. தட்டு துடைச்ச மாதிரி இருக்கு. உடம்புல ஒட்டத்தான் மாட்டேங்குது" என்றாள்.

தண்ணீர்க் குழாயைப் பார்த்தாள். காற்று எங்கே அடிக்கிறது என்று மெழுகுவத்தி ஏற்றிப் பார்த்தாள். டாக்டரம்மா ரத்தம் எடுத்துப் பார்த்தார், சாணம் எடுத்துப் பார்த்தார், நோய் ஒன்றும் இல்லை. ஒரு நாள் அவள் என்னிடம் வந்து, திருகு சரியாக இருக்கிறதா என்று ஒரு தடவை பாருங்களேன் என்று கேட்டாள். கேட்கும்போதே, உங்களைக் குறை சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள் என்று வேறு சொன்னாள். உடனே போனேன். ஆறு தொட்டியையும் அவள் கண் முன்னாலேயே திறந்து காட்டினேன். தீவனம் கடகடவென்று இறங்கியது. "நான்தான் உங்களைச் சந்தேகப்பட்டுட்டேன்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அதனாலென்ன, சந்தேகம் தீர்ந்தால் நல்லதுதானே என்றேன்.

மூன்றாவது வாரம் இரண்டு குட்டி செத்தது. நாலாவது வாரம் ஏழு. பிறகு பத்து. மொத்தம் பத்தொன்பது. எல்லாவற்றையும் நானே குழி வெட்டிப் புதைத்தேன், அவளைப் பார்க்க விடவில்லை. அவள் ஒவ்வொன்றையும் சட்டைக்குள் வைத்துக்கொண்டு பார்த்தாள், சொட்டுச் சொட்டாகப் பால் ஊற்றிப் பார்த்தாள். அவள் விட்டுக்கொடுக்கிறவள் இல்லை. சாப்பிடாமல் இருந்தாள். சாப்பிடு என்று நான்தான் ஊட்டிவிட்டேன். தோளில் சாய்ந்துகொண்டு அழுவாள். தலையைத் தடவிக்கொடுப்பேன். அந்த நாட்களில் அவள் என்னை ஒரு நிமிடம் விட்டு இருக்க மாட்டாள். இதைச் சொல்வதற்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் நான் சந்தோஷமாக இருந்தேன்.

மற்ற கொட்டகைக்காரர்கள் சோர்ந்த குட்டிகளை அவளிடம் கொண்டுவருவதை நிறுத்தினார்கள். துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு அவளைத் தாண்டி மருந்துக் கிடங்குக்குப் போனார்கள், அவ்வளவுதான். ஐந்தாவது வாரம் ஒரு காலை அவள் மேல்சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். தன் உள்ளங்கைகளை விரித்துப் பார்த்துக்கொண்டே நின்றாள். "என் கைலதான் என்னமோ போயிடுச்சுங்க. நான் தொட்டா இனிமே நிக்காது" என்றாள். மேனேஜரிடம் சொல்லிவிட்டு வீட்டோடு இருந்துகொண்டாள்.

கிளிசரின் அமோகமாக ஜெயித்தது. பலகையில் என் பெயரைப் பெரிதாக எழுதினார்கள். பக்கத்துப் பண்ணைகளிலிருந்து ஆட்கள் வந்து என் அறையைப் பார்த்தார்கள், கிளிசரினை விரலில் தொட்டு நாக்கில் வைத்துக் காட்டச் சொன்னார்கள். இப்போது எல்லோரும் என்னைக் கிளிசரின் அண்ணன் என்றுதான் கூப்பிடுகிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

இனி மாமனார் கதை. மாமனார் என்பது எங்கள் கிழட்டு ஆண் பன்றி. பின்பக்கத் தொழுவத்தில் தனியாக இருப்பார். யார் போனாலும் எழுந்து மரியாதை கொடுக்க மாட்டார், அவருக்குத்தான் நாம் கொடுக்க வேண்டும், அதனால் அந்தப் பெயர். சோதனை நடந்த ஆறு வாரத்தில் மாமனார் அநியாயத்துக்குக் கொழுத்துவிட்டார். இரட்டைத் தாடை. எழுந்து நிற்கவே மூச்சு வாங்கும். அவர் செய்ய வேண்டிய ஒரே வேலைக்கும் லாயக்கில்லாமல் போனார். ஏறப் போய் நழுவி உட்கார்ந்துகொள்வார், பெண் பன்றி திரும்பிப் பார்க்கும். ஆட்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். டாக்டரம்மா மட்டும் சிரிக்கவில்லை. தொழுவத்துக்குள் இறங்கி, மாமனாரின் தொட்டி மூலையில் காய்ந்து ஒட்டியிருந்த மாவைச் சுரண்டி முகர்ந்து பார்த்தார். பால் பவுடர் வாடை. பால் பவுடர் போடுவது குட்டித் தீவனத்தில் மட்டும்தான். அன்றைக்கு மாலை அவர் என்னைப் பார்த்தபோது வணக்கத்துக்குப் பதில் வணக்கம் சொல்லவில்லை. இரண்டு நாளில் நீங்கள் வந்தீர்கள்.

ஆக, நீங்கள் கேட்டது இதுதான். முதல் எடைக்கு மறுநாளிலிருந்து, காலை ஐந்தரை மணிக்கு, அவள் வருவதற்கு அரை மணி நேரம் முன்னால், இரண்டாம் அறையின் ஆறு திருகையும் இரண்டு சுற்று இறுக்கினேன். இரண்டு சுற்றுதான், முழுக்க மூடவில்லை. தூசி மாதிரி கொஞ்சம் இறங்கும். தட்டை நக்கியே துடைத்துவிடும். கூம்பிலிருந்து ஒரு கூடை தீவனத்தை அள்ளிக்கொண்டுபோய் மாமனாருக்குக் கொட்டினேன். கூம்பு இறங்கியிருப்பதையும் தட்டு காலியாக இருப்பதையும் பார்த்து, குட்டிகள் நன்றாகத் தின்கின்றன என்று அவள் நம்பினாள். அவள் சரிபார்க்கச் சொன்ன அன்றைக்குத் திறந்தேன், மறுநாள் காலையில் மறுபடி இறுக்கினேன். மாமனார் இவ்வளவு சாப்பிடுவார் என்று நினைக்கவில்லை. குப்பையில் கொட்டியிருக்கலாம், ஆனால் நல்ல தீவனத்தை வீணாக்க எனக்கு மனம் வராது.

ஏன் செய்தீர்கள் என்று மூன்று தடவை கேட்டீர்கள். கிளிசரினுக்காகத்தான். ஒரு நல்ல பொருளுக்குச் சமம் என்று பெயர் வந்தால் நாளைக்கு மறந்துவிடுவார்கள், ஜெயித்தது என்றால்தான் நிற்கும். அவள் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அவள் நல்லவள். நான்கூட யோசித்துப் பார்த்தேன், சோதனை முடிந்ததும் உண்மையைச் சொல்லிவிடலாமா என்று. சொன்னால் அவள் மனம் என்ன பாடுபடும் என்று நினைத்து விட்டுவிட்டேன்.

போன வாரம் அவள் தங்கை கைக்குழந்தையோடு வந்திருந்தாள். முதல் குழந்தை, இருபது நாள்தான். அக்கா, உன் கைல ஒரு தடவை வாங்கிக்க என்று நீட்டினாள். என் வீட்டுக்காரி இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். "வேணாம்டி. என் கை இப்ப சரியில்ல. அங்கயே வச்சுக்க, நான் பாத்துக்குறேன்" என்று கழுத்தை நீட்டித் தூரத்திலிருந்தே பார்த்தாள். தங்கை அழுதுவிட்டாள். எனக்கும் மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. நானே குழந்தையை வாங்கி என் மடியில் வைத்துக்கொண்டேன். என்னிடம் அழாமல் தூங்கியது. பார்த்தியா, உங்க பெரியப்பா கைராசிக்காரர் என்று தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டு குழந்தையிடம் சொன்னாள்.

டீ வந்துவிட்டது. சூடாக இருக்கிறது, நன்றி. எழுத வேண்டியது வேறு ஒன்றும் இல்லை. ஒரே ஒரு வேண்டுகோள். என்னால் கிளிசரின் மேல் பழி வரக் கூடாது. அது ஒரு குட்டியையும் கொல்லவில்லை. டாக்டரம்மா சோதனையைத் திரும்ப வைக்கப் போவதாகக் கேள்விப்பட்டேன், வைக்கட்டும். அப்போது இரண்டாம் அறைக்கு என் வீட்டுக்காரியையே போடச் சொல்லுங்கள், பழைய சுறுசுறுப்பு வந்துவிடும். அவளுக்கு மணிக்கட்டு இன்னும் சரியாகவில்லை. திருகை மட்டும் நான் பார்த்துக்கொள்கிறேன்.